வெள்ளிக்கிழமை ஆபரேஷன், திங்கட்கிழமை ஆபீஸ்: கருத்தடை செய்த நாயை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

பெண் நாய் வளர்க்கும், வேலைக்குப் போகும் பலரும் போடுகிற கணக்கு இதுதான். வெள்ளிக்கிழமை லீவு போட்டு கருத்தடை ஆபரேஷன். சனி, ஞாயிறு வீட்டிலிருந்து பார்த்துக்கொள்வோம். திங்கட்கிழமை அது எழுந்து நடமாடிவிடும், நாமும் ஆபீஸ் கிளம்பிவிடலாம்.

கணக்கில் பாதி சரி. திங்கட்கிழமை அது எழுந்து நடக்கும். சோபாவில் தாவும், காலிங் பெல் அடித்தால் வாசலுக்குப் பாயும். சிக்கல் ஆரம்பிப்பதும் அந்த நாளில்தான். ஏனென்றால், வலி குறைந்துவிட்டதே தவிர உள்ளே தையல் போட்ட இடம் இன்னும் சேரவில்லை. அது நாய்க்குத் தெரியாது. பெரும்பாலான நேரம் நமக்கும் தெரிவதில்லை.

கருத்தடை என்றதும் ஊசி போடுவது போன்ற சின்ன வேலை என்று நினைக்கிறோம். காலையில் விட்டால் சாயங்காலம் கூட்டிவந்துவிடலாம் என்பதால் வரும் எண்ணம் இது. உண்மையில் பெண் நாய்க்குச் செய்வது வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன். முழு மயக்கம் கொடுத்து, பொதுவாக தொப்புளுக்குக் கீழே கீறி, இரண்டு சினைப்பைகளையும் பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்து எடுக்கிறார்கள். அவற்றுக்குப் போகும் ரத்தக் குழாய்களை நூலால் கட்டுகிறார்கள். பிறகு வயிற்றுச் சுவர், அதற்கு மேல் உள்ள கொழுப்புப் பகுதி, தோல் என்று அடுக்கடுக்காகத் தையல். நம் கண்ணுக்குத் தெரிவது கடைசி அடுக்கு மட்டும்தான்.

தோல் 10 முதல் 14 நாட்களில் ஒட்டிவிடும். வயிற்றுச் சுவர் பழைய பலத்துக்கு வர அதைவிட அதிக நாள் ஆகும். அந்தச் சுவர்தான் குடலைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. நாய் கட்டிலில் இருந்து குதிக்கும்போது முழு இழுப்பும் அங்கேதான் விழுகிறது. உள் தையல் விட்டுப்போனால் வெளியே தோல் நன்றாக இருக்கும்போதே அடியில் குடல் பிதுங்கி நிற்கலாம்.

முதல் ராத்திரி

வீட்டுக்கு வரும் நாய் நமக்குத் தெரிந்த நாய் மாதிரி இருக்காது. கால் தள்ளாடும், கண் சொருகும், சில நாய்கள் காரணமே இல்லாமல் முனகிக்கொண்டே இருக்கும். மயக்க மருந்து முழுதாக இறங்கும் வரை இப்படித்தான். டிரிப்ஸ் ஏற்றியிருந்தால் படுத்த இடத்திலேயே சிறுநீர் போகலாம், திட்ட வேண்டாம். மூச்சுக்குழாயில் டியூப் வைத்திருந்தால் ஓரிரு நாள் லேசாக இருமும்.

தரையில் மெத்தென்று போர்வை விரித்துப் படுக்க வையுங்கள். பாவம் என்று கட்டிலில் ஏற்றினால் நடுராத்திரி தள்ளாடி விழுந்துவிடும். மயக்கத்தில் உடல் சூடு குறைந்திருக்கும் என்பதால் ஏசி, ஃபேன் காற்று நேராகப் படக்கூடாது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். சாப்பாடு வழக்கத்தில் கால்வாசி, அதிகம் போனால் பாதி. சாப்பிட மறுத்தால் விட்டுவிடுங்கள். ஓரிரு முறை வாந்தி எடுப்பதும் மயக்க மருந்தால் வருவதுண்டு. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அன்றைக்கு நாயைக் கட்டிப்பிடிக்க விடாதீர்கள். அரை மயக்கத்தில் இருக்கும் நாய், யார் என்று தெரியாமல் கடித்துவிடலாம்.

முதல் 24 மணி நேரத்தில் கவனிக்க வேண்டிய பெரிய ஆபத்து உள்ளே ரத்தம் கசிவது. வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் இது நடக்கலாம். உதட்டை லேசாகத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். ஈறு வெளுத்துக் கிடக்கிறது, வயிறு உப்புகிறது, கூப்பிட்டால் தலையைத் தூக்கவில்லை என்றால் ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்று இருக்கக் கூடாது. ஈறு கறுப்பாக உள்ள நாய் என்றால் கீழ் இமையை இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு தடவை இதையெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டால், நம் நாய்க்கு எது இயல்பு என்று தெரிந்திருக்கும்.

தொட்டுப் பார்த்தால் சுடுகிறதே என்று பலர் பயப்படுவார்கள். நமக்கு 98.6 டிகிரி என்றால் நாய்க்கு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை இயல்பு. கையால் தொட்டு எதையும் சொல்ல முடியாது. தெர்மாமீட்டரில் 103-ஐத் தாண்டினால் டாக்டருக்கு போன் போடுங்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள்

வலியில் முனகுகிறது என்று அரை மாத்திரை பாராசிட்டமால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கல்லீரலையும் ரத்தத்தையும் அது பாதிக்கலாம். இப்யூபுரூஃபன், டைக்லோஃபெனாக் இன்னும் மோசம். குடலில் புண், சிறுநீரகச் செயலிழப்பு வரை போகும். டாக்டர் எழுதித் தந்த வலி மருந்தை மட்டும், சொன்ன அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். ‘நல்லாத்தான் இருக்கு’ என்று இரண்டாம் நாளே நிறுத்தவும் வேண்டாம். நன்றாக இருப்பது அந்த மருந்தால்தான். மருந்து கொடுத்த பிறகு வாந்தி, கறுப்பாக மலம் என்று ஏதாவது வந்தால் மட்டும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

காயத்தின் மேல் மஞ்சள், தேங்காய் எண்ணெய், டெட்டால், பவுடர் எதுவும் வேண்டாம். எண்ணெய் வைத்தால் நக்கத்தான் தோன்றும். கிருமிநாசினி எரிச்சலைக் கொடுக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு புதிதாக வளரும் தசையையே அரிக்கும். சுத்தமாகவும் ஈரமில்லாமலும் வைத்திருந்தால் காயம் தானாக ஆறும். 14 நாளைக்குக் குளியல் கிடையாது. நாற்றம் தாங்கவில்லை என்றால் ஈரத்துணியால் முதுகையும் காலையும் துடைத்துவிடலாம், வயிற்றுப் பக்கம் போகாமல்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை, ஈ. திறந்த காயத்தில் ஈ உட்கார்ந்து முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். மொட்டை மாடியிலோ கார் ஷெட்டிலோ வளரும் நாயாக இருந்தாலும் இந்த இரண்டு வாரம் வீட்டுக்குள்தான்.

‘பாவம், கழட்டிவிடு’

கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கோனைப் பற்றித்தான் எல்லா வீட்டிலும் சண்டை வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. மல்லிக்கு ஆபரேஷன் முடிந்து நான்காவது நாள். கோனோடு சுவரில் இடித்து இடித்து நடக்கிறாளே என்று அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. “சாப்பிடுற நேரம் மட்டும் கழட்டிவிடுடா, பாவம்டா அது.” கழட்டினேன். சாப்பிட்டாள், மூலையில் போய்ச் சுருண்டாள். ஒரு போன் வந்தது, பேசப் போனேன். பத்து நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்தபோது இரண்டு தையலைக் காணோம். ராத்திரி ஒன்பதரைக்கு ஆட்டோ பிடித்துப் போய், மறுபடி தையல் போட்டுக்கொண்டு வந்தோம். அம்மா அதன் பிறகு கோனைப் பற்றிப் பேசவில்லை.

நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்பது பழைய நம்பிக்கை. அந்த வாயில் ஏராளமான பாக்டீரியா இருக்கிறது. சொரசொரப்பான நாக்கு தையலைத் தளர்த்தும். முன்பல் நூலை அறுக்கும். முதல் மூன்று நாள் வலியால் தொடாத நாய்கூட, காயம் ஆறத் தொடங்கி அரிப்பு எடுக்கும்போது விடாது. அதனால் கோன் தையல் பிரிக்கும் வரைக்கும் இருக்க வேண்டும், தூங்கும்போதும்.

கோனின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இருக்க வேண்டும். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். சாப்பாட்டுக் கிண்ணத்தைச் சின்ன முக்காலி மேல் வைத்தால் கோனோடே சாப்பிட்டுவிடும். அப்படியும் சாப்பிடாது என்றால் கழட்டலாம், நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் மட்டும். போன் வந்தால் எடுக்காதீர்கள்.

கோனை ஒரேயடியாக வெறுக்கும் நாய்களுக்கு டாக்டரிடம் கேட்டுவிட்டு, வயிற்றை மூடும் உடை போடலாம். பழைய டி-ஷர்ட்டை முன்பின்னாகத் திருப்பி, வால் கழுத்து ஓட்டை வழியே வருவது போல, பின்னங்கால்களைக் கை வழியாக விட்டு மாட்டுவதும் உண்டு. வெளியே கூட்டிப்போகும்போது மறக்காமல் கழட்ட வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரில் நனையும். துணியை மேலேயே நக்கி நனைக்கும் நாய்க்கு இது சரிப்படாது.

மூன்றாம் நாளிலிருந்து

இனிதான் உங்கள் பொறுமைக்கு வேலை. சிறுநீர், மலம் கழிக்க மட்டும் வெளியே போனால் போதும். லீஷ் மாட்டி, ஐந்து பத்து நிமிடம், மெதுவான நடை. பந்து விளையாட்டு, பார்க், பக்கத்து வீட்டு நாயோடு துரத்தல் எல்லாம் தையல் பிரித்த பிறகு. மலம் மூன்று நாள் வரை வராவிட்டாலும் பதற வேண்டாம்; ஆபரேஷனுக்கு முன் பட்டினி, பிறகு மருந்து என்று குடல் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

ஃபிளாட்டில் டைல்ஸ் தரை ஒரு பொறி. கால் வழுக்கி அகட்டி விழுந்தால் தையல் இழுபடும். நாய் நடக்கும் வழியில் யோகா மேட், மிதியடி, பழைய சாக்கு எது இருந்தாலும் விரித்துவிடுங்கள். லிஃப்ட் இல்லாத மாடி வீடு என்றால் தூக்கித்தான் இறக்க வேண்டும். ஒரு கை நெஞ்சுக்கு முன்னால், இன்னொரு கை பின்னந்தொடைகளுக்குப் பின்னால். வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். பெரிய நாயைத் தூக்க முடியாது என்றால் லீஷைக் கையில் சுருக்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்தி இறக்குங்கள்.

திங்கட்கிழமை கேள்விக்கு வருவோம். முடிந்தால் அந்த வாரம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கேளுங்கள். லேப்டாப் மேஜையின் காலில் லீஷைக் கட்டி, பக்கத்தில் படுக்கை போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. ஆபீஸ் போயே ஆக வேண்டும் என்றால் சோபா, கட்டில் இல்லாத சின்ன அறையிலோ பெரிய கூண்டிலோ கோனோடு விட்டு, மதியம் ஒருமுறை பார்க்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள். சும்மா கிடக்கும் நாய் சலித்துப்போய்த்தான் தையலைத் தேடும். தட்டில் தயிரைத் தடவி ஃப்ரீசரில் உறைய வைத்து நக்கக் கொடுப்பது, துண்டுக்குள் பிஸ்கட்டைச் சுருட்டி மோப்பம் பிடிக்க விடுவது, இந்த மாதிரி உட்கார்ந்த இடத்து விளையாட்டுகள் அரை மணி நேரத்தையாவது ஓட்டும்.

காயத்தைக் காலையும் மாலையும் பாருங்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போனில் போட்டோ எடுத்து வைத்தால் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட முடியும். டாக்டருக்கு அனுப்பவும் உதவும். லேசான சிவப்பு, கொஞ்சம் கன்றல், முதல் நாளில் ஓரிரு சொட்டு இளஞ்சிவப்பு நீர் எல்லாம் வரக்கூடியதுதான். தையலுக்கு அடியில் சின்னதாகக் கெட்டியாகத் தட்டுப்படுவது பெரும்பாலும் உள் நூலுக்கு உடல் காட்டும் எதிர்வினை. மெத்தென்று நீர் கோத்த வீக்கம் என்றால், பெரும்பாலும் நாய் அதிகமாக ஆடியிருக்கிறது என்று அர்த்தம். நீங்களே குத்தி எடுக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சீழ், துர்நாற்றம், நிற்காத கசிவு, தையல் பிரிந்து இடைவெளி, நாளுக்கு நாள் பெரிதாகும் புடைப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, இரண்டாம் நாளும் சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது என்றால் அன்றைக்கே போய்விடுங்கள். காயம் திறந்து உள்ளே இருப்பது வெளியே தெரிந்தால், சுத்தமான துணியை நனைத்து மூடி, உள்ளே தள்ள முயலாமல் உடனே கிளம்ப வேண்டும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. சமீபத்தில் ஹீட் முடிந்த நாயென்றால், அந்த வாசனை இன்னும் சில நாள் இருக்கும். தெரு ஆண் நாய்கள் பின்னால் வரும். கர்ப்பம் ஆகாதுதான், ஆனால் இணை சேர்ந்தால் உள் தையல் கிழியலாம். இன்னொன்று, ஹீட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால், ஹார்மோன் திடீரென்று குறைவதால் சில நாய்களுக்கு மடி வீங்கிப் பால் வரும், பொம்மையைக் குட்டி மாதிரி காக்கும். பால் கறந்துவிடாதீர்கள், கறந்தால் இன்னும் சுரக்கும். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். டாக்டரிடம் சொல்லி வையுங்கள்.

டிஸ்சார்ஜ் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: வெளித் தையல் கரையுமா, பிரிக்க வேண்டுமா, எந்தத் தேதிக்கு வர வேண்டும், ராத்திரி அவசரம் என்றால் எந்த நம்பர். பிரிக்க வேண்டியது என்றால் வழக்கமாக 10 முதல் 14 நாளுக்குள் வரச் சொல்வார்கள். கரையும் தையலாக இருந்தாலும் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அதன் பிறகு கோனைக் கழட்டலாம்.

அதற்கு அடுத்த வாரத்தில் ஓட்டத்தை ஒரேயடியாக ஆரம்பிக்காமல் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சாப்பாட்டையும் கவனிக்க வேண்டும். கருத்தடைக்குப் பிறகு உடம்புக்குத் தேவைப்படும் சக்தி குறைகிறது, பசியோ கூடுகிறது. பழைய அளவையே கொடுத்தால் சில மாதத்தில் குண்டாகிவிடும். மல்லிக்கு நாங்கள் ஒரு கரண்டி சாதத்தைக் குறைத்தோம். ரெண்டு நாள் கிண்ணத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.