டயருக்கு நைட்ரஜன்: காசு கொடுத்துக் காற்று வாங்கலாமா?

பெட்ரோல் போட்டுவிட்டு, காற்று பிடிக்க வண்டியை ஓரம் கட்டுகிறீர்கள். "சார், நார்மல் ஏரா, நைட்ரஜனா?" என்று கேட்கிறார் பங்க் ஊழியர். பின்சீட்டில் குழந்தைகள், டிக்கி நிறைய மூட்டை முடிச்சுகள். முன்னால் முந்நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலை. "நல்லதுன்னா நைட்ரஜனே போடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். பச்சை மூடி போட்ட வால்வைப் பார்த்ததும் மனசுக்கு ஒரு நிம்மதி.

அந்த நிம்மதிதான் சிக்கலே!

போன வருடம் மே மாதம், குலதெய்வக் கோயிலுக்கு என் மைத்துனரின் காரில் போனோம். கிளம்பும் முன், "காத்து செக் பண்ணிட்டியாப்பா?" என்று கேட்டேன். "அட போங்க மாமா, நைட்ரஜன் போட்டிருக்கேன். அடிக்கடி செக் பண்ணவே வேணாம்னு கடையிலேயே சொல்லிட்டாங்க" என்றார். நான்கு மாதமாக அவர் டயரைத் தொடவே இல்லை. மனசு கேட்காமல் வழியில் ஒரு பங்க்கில் நிறுத்தி அளந்து பார்த்தோம். 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய பின்பக்க இடது டயரில் 24தான் இருந்தது. ஒரு சின்ன ஆணி குத்தியிருந்தது. டியூப்லெஸ் டயர் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. டயரின் இரண்டு ஓரங்களும் வழவழவென்று தேய்ந்திருந்தன. பஞ்சர் ஒட்டி ஊர் வந்து சேர்ந்தோம். பிறகு அந்த டயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஆணிக்கு நைட்ரஜனும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான்.

காற்றிலேயே இருக்கிறது நைட்ரஜன்

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். ஆக்சிஜன் 21 சதவிகிதம். ஆக, இலவசமாகக் காற்று பிடிக்கும்போதே முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன் உள்ளே போய்விடுகிறது. மீதிக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

அதுவும் முழுசாகக் கிடைப்பதில்லை. பழைய காற்றை முழுக்க இறக்கினாலும், வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமான அளவு டயருக்குள்ளேயே தங்கிவிடும். அதன் மேல் 32 பி.எஸ்.ஐ. வரை சுத்தமான நைட்ரஜனை ஏற்றினாலும், டயருக்குள் அதன் அளவு சுமார் 93 சதவிகிதம்தான் வரும். இன்னும் கூட வேண்டும் என்றால் இரண்டு, மூன்று முறை இறக்கி ஏற்ற வேண்டும்.

அப்படியானால் சொல்வதெல்லாம் பொய்யா?

பொய் இல்லை. ஆனால், லாபம் சின்னது. ரப்பர் வழியாக ஆக்சிஜன் கொஞ்சம் வேகமாகக் கசியும். நைட்ரஜன் மெதுவாகக் கசியும். அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை 2006-ல் தொடங்கி ஓராண்டு இதைச் சோதித்துப் பார்த்தது. 31 வகை டயர்களில் 30 பி.எஸ்.ஐ. நிரப்பி, வெளியிலேயே வைத்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து, சாதாரணக் காற்று பிடித்த டயர்களில் சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ. குறைந்திருந்தது, நைட்ரஜன் டயர்களில் 2.2. வித்தியாசம் 1.3 பி.எஸ்.ஐ. அதுவும் ஒரு வருடத்துக்கு!

"நைட்ரஜன் போட்டால் வெயிலில் அழுத்தம் ஏறாது" என்பது இன்னொரு பேச்சு. இது சரியில்லை. சூடானால் எந்த வாயுவும் விரியும். சுமார் 6 டிகிரி செல்சியஸ் ஏறினால் கார் டயரில் ஒரு பி.எஸ்.ஐ. கூடும். நைட்ரஜனுக்கும் இதே கணக்குதான். கம்ப்ரஸரில் இருந்து வரும் காற்றில் ஈரப்பதம் இருந்தால் மட்டும் கொஞ்சம் மாறும்.

விமானத்துக்கு ஏன் போடுகிறார்கள்?

1986 மார்ச் 31 அன்று மெக்சிகோ சிட்டியில் இருந்து கிளம்பிய போயிங் 727 விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 167 பேரும் இறந்துபோனார்கள். நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்று நிரப்பியிருந்த டயர், பிரேக் சூட்டில் உள்ளேயே வெடித்ததுதான் காரணம். அதற்கு அடுத்த ஆண்டே, பயணிகள் விமான டயர்களுக்கு நைட்ரஜனைக் கட்டாயமாக்கியது அமெரிக்க விமானத் துறை. விமான பிரேக்கின் சூடு வேறு. நம் கார் சந்திக்கும் சூடு வேறு. விமானத்துக்கு அவசியம் என்பதால் நமக்கும் அவசியம் ஆகிவிடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

முதல்முறை நிரப்ப டயருக்கு 50 ரூபாய் என்று வைத்தால், நான்குக்கும் 200. பிறகு மாதம் ஒருமுறை டயருக்குப் பத்து ரூபாய் என்றால், வருடத்துக்குச் சுமார் 650 ரூபாய் ஆகிவிடும். ஸ்டெப்னி தனி.

இதில் மிச்சம் எவ்வளவு? நான்கு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவிகிதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. மாதம் 5,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுபவருக்கு, அந்த 1.3 பி.எஸ்.ஐ. வித்தியாசம் வருடம் முழுக்க இருந்தால்கூட 160 ரூபாய் தேறாது. மாதாமாதம் காற்று பார்ப்பவருக்கு அந்த மிச்சமும் இல்லை.

சரி, என்னதான் செய்யலாம்?

* டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் காருக்கான அளவு அதில் இருக்கிறது. முழு லோடுக்குத் தனி அளவு கொடுத்திருப்பார்கள்.
* இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், நெடும்பயணத்துக்கு முன்பும் அளந்து பாருங்கள். காலையில், டயர் சூடாகும் முன் பார்ப்பது நல்லது.
* ஓடிச் சூடான டயரில் அளவு கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.
* காற்று குறைந்த டயர்தான் அதிகம் மடங்கி, சூடாகி, வெடிக்கும். கோடையில் கூடுதல் கவனம் தேவை.
* ஸ்டெப்னியை மறக்காதீர்கள்.
* நைட்ரஜன் டயரில் காற்று குறைந்து, பக்கத்தில் நைட்ரஜன் இல்லையென்றால் சாதாரணக் காற்றையே பிடிக்கலாம். இரண்டும் கலந்தால் எதுவும் ஆகாது.

புது டயர் வாங்கும்போது இலவசமாக நைட்ரஜன் தருகிறார்களா? தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். காரை மாதக்கணக்கில் எடுக்காமல் நிறுத்தி வைப்பவர்களுக்கும் அது கொஞ்சம் உதவும். மற்றவர்கள் அந்த 650 ரூபாயில் கையடக்க டயர் கேஜ் ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைக்கலாம்.

என் மைத்துனர் வாங்கிவிட்டார். இப்போதெல்லாம் ஊருக்குக் கிளம்பும் முன் அவர் பையன்தான் நாலு டயரையும் சுற்றி வந்து, "அப்பா, 33!" என்று குரல் கொடுக்கிறான்.