பரவைக்கடலில் ஒரு வாரம்

கரையும் கடலும் – 9

முழங்காலிலிருந்து இடுப்பு வரை நீர் நிற்கும், நடந்தே போகக்கூடிய அகன்ற கடற்பரப்புதான் பரவைக்கடல். யாழ்ப்பாணக் கடனீரேரியின் பெரும்பகுதி இத்தகையது. குருநகர், பாசையூர், நாவாந்துறை ஆகிய துறைகளின் முன்னால் மணலும் சேறும் சாதாழை என்ற கடற்புல்லின் படுகைகளுமாக அது விரிந்து கிடக்கிறது. குடாநாட்டின் வடகரையிலுள்ள கீரிமலையில் இந்த அகலம் இல்லை. அங்கே சுண்ணாம்புக்கல் தரை அப்படியே கடலுக்குள் இறங்குகிறது. அந்தக் கல்லின் வெடிப்புகளில் ஊறிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்கி, அங்குள்ள கேணியருகே ஊற்றெடுத்துக் கடலில் கலக்கிறது. கரைகள் இரண்டும் வேறு வேறு என்றாலும் மீன்பிடிப்பவருக்கு விதி ஒன்றே. நீர் ஏறும்போது இரை தேடி மீன் கரைப்பக்கம் வரும், வற்றும்போது ஆழத்துக்குத் திரும்பும்.

இப்படிப்பட்ட ஆழமற்ற கடலைத் தேடித்தான் இறகுத் தூண்டில்காரர்கள் கிரிபாட்டி நாட்டின் கிறிஸ்மஸ் தீவுக்கும் சீஷெல்ஸின் அல்போன்ஸ் தீவுக்கும் பஹாமாவுக்கும் பறந்து செல்கிறார்கள். ஃபிளை ஃபிஷிங் என்று உலகம் அறிந்த இந்த முறை இலங்கைக்குப் புதியதல்ல. பிரித்தானியர் நுவரெலியா மலையோடைகளில் ட்ரவுட் மீனை விட்டு வளர்த்து, இதே தூண்டிலால் பிடித்தார்கள். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துச் செல்லும். இதில் பாரம் நூலிலேயே இருக்கிறது. பூச்சுப் பூசிய தடித்த நூல் தலைக்குமேல் முன்னும் பின்னும் வளைந்து விரிந்து, நுனியிலுள்ள பாரமற்ற பொய்யிரையை மீனின் முன்னே இறக்குகிறது. இறால், சிறு நண்டு, நெத்தலி ஆகியவற்றின் சாயலில் இறகையும் மயிரையும் தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டியதே அந்தப் பொய்யிரை. மீனைக் கண்ட பிறகே நூலை வீசுவார்கள். அதனால் வெயில் முதுகுப்பக்கம் இருக்கவேண்டும். நிழல் மீன்மேல் விழக்கூடாது.

இறகுத் தூண்டில் பயணங்கள் பெரும்பாலும் ஒரு வாரக் கணக்கில் அமைகின்றன. கடலில் ஒரு வாரம் என்பது அமாவாசையிலிருந்து அட்டமி வரையுள்ள காலம். அமாவாசைக்கும் பூரணைக்கும் அடுத்த ஓரிரு நாட்களில், நீர் ஏறி வற்றும் வத்துப்பெருக்கு உச்சத்தில் இருக்கும். அட்டமியை அடுத்து அது தளர்ந்துவிடும். பெருக்கு நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வருவதால், முதல்நாள் காலையில் மீன் மேய்ந்த திட்டுக்கு வாரக்கடைசியில் நண்பகலில்தான் போகவேண்டியிருக்கும். வடகடலில் நீர் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு. சரிவே இல்லாத தரையில் அந்தச் சிறு ஏற்றம்கூடப் பெரும் பரப்பை நனைத்துவிடுகிறது. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் கழிக்கக் கீரிமலையில் கூடுவோர் இறங்கி நீராடுவதும் இந்தப் பெருக்குக் காலத்துக் கடலில்தான்.

நிலவுக்கு அடுத்தபடி காற்றைப் பார்க்கவேண்டும். சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். கீரிமலைக்கு அது நிலக்காற்று. கரையை ஒட்டிய நீர் அடங்கி இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கும் வாடை நேராகக் கரையில் மோதும். அப்போது நீர் கலங்கி மீன் கண்ணுக்குத் தெரியாது. பாரமற்ற இரையை எதிர்காற்றில் வீசவும் முடியாது.

மீன்கள் எல்லாம் பொய்யிரைக்கு மயங்குவதில்லை. சாதாழையையும் பாசியையும் மேயும் ஒரா அதை அரிதாகவே தொடும். மணலை என்ற மீனும் அப்படித்தான். பாரையும் சீலாவும் துரத்தி வந்து கவ்வும். சீலாவின் பல் நூலை அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே சிறு கம்பித்துண்டு வேண்டும். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்துச் செல்வது முக்கியம். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அப்போது விலகிப் போகும்; மிதித்தால் அதன் முள் ஏறும். பிடித்த மீனைத் திரும்ப விடுவது இக்கலையின் மரபு. ஃபுளோரிடாவில் 2013 முதல் போன்ஃபிஷ் என்ற மீனை விட்டேயாகவேண்டும் என்பது சட்டம். எதிர்முள் இல்லாத தூண்டில் முள், நனைந்த கை, மீனை நீருக்கு வெளியே அதிகம் வைக்காமை ஆகியவை விடும் மீனின் உயிரைக் காக்கின்றன.

வத்துப்பெருக்கையும் மீனின் வழியையும் படிக்கும் இந்த அறிவு யாழ்ப்பாணத்தில் வெகுகாலமாக இருக்கிறது. நீரோடு நகரும் மீனை வேலிபோல் மறித்துக் கூட்டுக்குள் செலுத்தும் களங்கட்டி முழுக்க முழுக்க இந்தக் கணக்கில் எழுந்தது. மரக்கோல் ஊன்றி ஓசையின்றி வள்ளத்தை நகர்த்துபவரும், நீரின் சுழிப்பைப் பார்த்து வீச்சுவலை எறிபவரும், வெளிநாட்டுத் தீவுகளில் வழிகாட்டிகள் செய்யும் வேலையையே செய்கிறார்கள். அவர்களுடைய தேர்ச்சி எந்த வகையிலும் குறைந்ததல்ல.

ஆனால் அந்தக் கைகளிலிருந்து கடல் பலமுறை பறிபோனது. 1990இல் கீரிமலை முதல் மயிலிட்டி வரையுள்ள கரை மக்கள் போரினால் இடம்பெயர்ந்தார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் மக்களிடம் திரும்பியது. அதே ஆண்டில் இலங்கை அடிமடி இழுவை வலையைச் சட்டத்தால் தடைசெய்தது. பாக்கு நீரிணையைக் கடந்து வரும் இழுவைப் படகுகள் அதன் பின்னும் நிற்கவில்லை. அவை கிழித்துச் செல்லும் தரையில் இறாலும் நண்டும் குஞ்சும் ஒதுங்க இடமில்லை. இவை இல்லாத கடலுக்குப் பாரை வராது.

வடகடலில் இறகுத் தூண்டில் சுற்றுலா வருமானால், வழிகாட்டும் வேலையும் அதன் வருமானமும் முதலில் அந்தந்தத் துறையின் தொழிலாளருக்கே சேரவேண்டும். சாதாழைப் படுகைக்குப் பாதுகாப்பில்லாத இடத்தில் அதை அனுமதிக்கவே கூடாது.