உயிர் காத்தலும் உரிமை ஏற்றலும்: நெகிரி செம்பிலான் தோட்டங்கள் கற்பிக்கும் அரசியல்

உயிர் அரசியல் என்னும் கருத்தைப் பிரெஞ்சு அறிஞர் மிசேல் ஃபூக்கோ 1976இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். பழைய வேந்தனின் அதிகாரம் உயிரைப் பறிப்பதில் வெளிப்பட்டது. புதிய அதிகாரமோ பிறப்பையும் நோயையும் இறப்பையும் கணக்கிட்டு மக்களை வாழவைப்பதில் வெளிப்படுகிறது என்பது அவர் துணிபு. இதற்குச் சான்று தேடி நாம் பாரிசுக்குச் செல்ல வேண்டுவதில்லை. நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களே போதும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பயிரிட இம்மாநிலக் குன்றுகளில் காடு அழிக்கப்பட்டது. நிழல் நீங்கி வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் மலேரியாக் கொசு பெருகிற்று. தமிழ்த் தொழிலாளர் பலர் மாண்டனர். மருத்துவர் மால்கம் வாட்சன் மலாயாவில் வகுத்த முறைகளின்படி நீர் நிலத்தடிக் குழாய்களில் செலுத்தப்பட்டது. ஓடைகளில் எண்ணெய் தெளிக்கப்பட்டது. தோட்ட மருத்துவமனையும் ஆயாக் கொட்டகையும் எழுந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டம் பள்ளி அமைக்க வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இவை உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் விடியற்காலைப் பெரட்டில் எண்ணப்பட்டவை பால்மரம் வெட்டும் கைகளே. காப்பு உழைப்போடு பிணைக்கப்பட்டிருந்தது.

அப்பிணைப்பின் விலை பின்னரே புலப்பட்டது. நீலாய், சிரம்பான் வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, வேலையுடன் லயத்து வீடும் கைவிட்டுப் போயிற்று. புதுத் தாராளவாதம் ஒவ்வொரு மனிதனையும் தனக்குத்தானே முதலாளியாகக் காண்கிறது என்று ஃபூக்கோ 1979ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் காட்டினார். தலைமுறைகளாகச் சொந்த நிலமின்றி வாழ்ந்தவரிடம் திடீரெனச் சுயமுயற்சியைக் கோருவது அப்பார்வையின் கடுமையான முகமாகும்.

அரசியல் மெய்ம்மைவாதம் இங்கே நமக்குத் துணைபுரிகிறது. ஒழுங்கும் பாதுகாப்பும் அளிப்பதே அரசியலின் முதல் வினா என்றார் பெர்னார்ட் வில்லியம்ஸ். ஆனால் அதிகாரம் தன் ஆளுகைக்கு உட்பட்ட ஒவ்வொருவருக்கும் தன்னை நியாயப்படுத்தியாக வேண்டும். வலிமை மட்டுமே நியாயமாகாது என்றும் அவர் வலியுறுத்தினார். கொசுவை ஒழித்த தோட்ட நிருவாகம் முதற்பகுதியை ஓரளவு நிறைவேற்றிற்று, இரண்டாவதை நிறைவேற்றவில்லை.

அந்நியாயத்தைக் கேட்டவர்கள் தொழிலாளரே. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கிற்று. காக்கப்படுவோர் உரிமையாளராகவும் இயலும் என்பதை அது காட்டிற்று.

ஆகவே, நலத்திட்டம் எதனையும் மாணவர் ஆராயும்போது இரு வினாக்களை எழுப்புதல் நன்று: இது யாரைக் காக்கிறது? காக்கப்படுவோர்க்கு இதில் சொல்லுரிமை உண்டா?