உருக்கப்பட்ட வெள்ளி

எங்கள் உம்மம்மாவின் அலுமாரியில் ஒரு வெள்ளிப் பன்னீர்ச் செம்பு இருந்தது. உம்மாவின் வாப்பா வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று ஊரார் சேர்ந்து கொடுத்த சாமான் அது. மாமாவின் படிப்புக்குக் காசு தேவைப்பட்டபோது உம்மம்மா அதை நகைக்கடையில் கொடுத்துவிட்டார். “வெள்ளி அலுமாரிக்குள்ள கெடந்து என்ன செய்யப் போகுது, புள்ள படிக்கட்டும்” என்றாராம். கடைக்காரர் நிறுத்துப் பார்த்து, உருக்கிவிட்டார். அதை நான் நெடுங்காலம் ஒரு மனக்குறையாகவே வைத்திருந்தேன். ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானியின் வெள்ளியைப் பற்றிப் படித்த பிறகுதான் அதை வேறு விதமாக யோசிக்கத் தொடங்கினேன்.

1812 மே 25 அன்று வட இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 92 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சிறுவர்கள். நிலக்கரிப் படிவங்களிலிருந்து மெதேன் வாயு கசியும். அது காற்றோடு கலந்து நிற்கும் இடத்துக்கு மெழுகுதிரியைக் கொண்டுபோனால் போதும், சுரங்கமே எரிந்துவிடும். வெளிச்சம் இல்லாமலும் வேலை செய்ய முடியாது. இந்தச் சிக்கலை அவிழ்க்கும்படி 1815இல் டேவியிடம் கேட்டார்கள். அவர் அப்போதே ஐரோப்பா முழுவதும் பேர்போன இரசாயனவியலாளர்.

அவர் கண்ட வழி மிகவும் எளிமையானது. சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பிவலை ஒன்றைப் போட்டார். காற்று வலைக்குள் போகும். வாயுவும் போகும், உள்ளே எரியும். ஆனால் அந்தச் சுடர் வெளியே வரப் பார்க்கும்போது கம்பிகள் அதன் உஷ்ணத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் வெளியே நிற்கும் வாயு தீப்பற்றும் அளவுக்குச் சூடாகாது. வாயு இருக்கும் இடத்தில் சுடரின் மேல் ஒரு நீல நிறம் தெரியும். ஆகவே விளக்கு எச்சரிக்கையும் செய்தது. 1816 ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

காப்புரிமை எடுத்தால் வருடத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண் வரும் என்று நண்பர் ஒருவர் சொல்லியும் டேவி எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, 1817 ஒக்டோபர் 11 அன்று நியூகாஸில் நகரில் சுரங்க முதலாளிகள் ஒரு விருந்து வைத்து, ஏறத்தாழ 2,500 பவுண் பெறுமதியான வெள்ளிப் பாத்திரத் தொகுதியை அவருக்குக் கொடுத்தார்கள். பரிசை எந்த வடிவில் தரலாம் என்று முன்கூட்டியே கேட்டபோது, சாப்பாட்டு மேசைப் பாத்திரங்களே வேண்டும் என்று கேட்டவர் டேவிதான். சாப்பிடும் தட்டைப் பார்க்கும்போதும் அவர்கள் ஞாபகம் வரட்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

அந்தப் பளபளப்புக்குப் பின்னால் ஒரு சண்டையும் இருந்தது. கிலிங்வொர்த் சுரங்கத்தில் இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்த ஜோர்ஜ் ஸ்டீபன்சன், அதே 1815இல் தன் சொந்த விளக்கை அமைத்திருந்தார். பள்ளிக்கூடம் போகாத ஆள் இதைத் தானாகச் செய்திருக்க முடியாது என்று டேவியின் பக்கத்தார் ஏளனமாகக் கதைத்தார்கள். ஸ்டீபன்சனின் பக்கத்தார் விடவில்லை. 1818இல் அவருக்கும் ஆயிரம் பவுண் சேர்த்து, ஒரு வெள்ளிக் கிண்ணமும் கொடுத்தார்கள். பின்னாளில் ரயில் எஞ்சினால் உலகப் புகழ் பெற்றவர் அவரேதான்.

சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் என்ன கொடுத்தார்கள்? வைட்ஹேவன் தொழிலாளர்கள் டேவிக்கு ஒரு நன்றிக் கடிதம் அனுப்பினார்கள். எழுதத் தெரியாத பலர் அதில் கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக் குறி போட்டிருந்தார்கள். இரண்டு பரிசுகளில் எது பெரியது என்று என்னைக் கேட்டால், நான் அந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன். ஏனென்றால் விளக்கின் இலாபம் முதலாளிகளுக்குத்தான் முதலில் போனது. ஆபத்து என்று மூடி வைத்திருந்த பகுதிகளுக்குள்ளும் இனி ஆட்களை இறக்கலாம் என்று ஆகிவிட்டது. பலமாகக் காற்று அடித்தால் சுடர் வலையைத் தாண்டும். வலை துருப்பிடித்தாலும் ஆபத்து. 1835இல் பிரித்தானியப் பாராளுமன்றக் குழு ஒன்று கணக்குப் பார்த்தபோது, நோர்தம்பர்லாந்து, டர்ஹம் பகுதிகளில் விளக்குக்கு முந்திய 18 வருடத்தில் 447 பேரும், பிந்திய 18 வருடத்தில் 538 பேரும் இறந்திருந்தார்கள். விளக்கு பிழையில்லை. அதை நம்பி மனிதரை எங்கே அனுப்பினார்கள் என்பதுதான் பிழை.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு இடம் உண்டு. நியூகாஸிலில் அண்ணன் வெள்ளியை வாங்கிக்கொண்டிருந்த வருடத்தில், தம்பி ஜோன் டேவி இராணுவ வைத்தியராக இலங்கையில் இருந்தார். 1816 முதல் 1820 வரை இங்கே தங்கி, பாவா ஆதம் மலையில் ஏறி, பாம்புகளின் விஷத்தையும் ஆராய்ந்து, கண்டி நாட்டைப் பற்றி 1821இல் ஒரு நூல் வெளியிட்டார். நம் வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் புரட்டும் நூல் அது.

ஹம்ப்ரி 1829இல் ஜெனீவாவில் காலமானார். பாத்திரங்கள் கடைசியில் தம்பிக்குச் சேர வேண்டும். அவர் பரம்பரையில் அவற்றைப் பயன்படுத்தும் நிலையில் யாரும் இல்லாவிட்டால், உருக்கி றோயல் சொசைட்டிக்குக் கொடுத்து, இரசாயனவியலில் வருடந்தோறும் ஒரு பதக்கம் வழங்க வேண்டும் என்று மரண சாசனத்தில் எழுதியிருந்தார். ஜோன் 1868இல் இறந்தார். வெள்ளி உருக்கப்பட்டது. விற்றதில் கிடைத்தது 736 பவுண் சொச்சம். கொடுத்த அன்றைய பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. கைவேலைக்குக் கொடுத்த காசெல்லாம் நெருப்போடு போய்விட்டது.

ஆனாலும் பதக்கம் வந்தது. 1877இல் முதலாவது டேவி பதக்கத்தை புன்சனும் கிர்க்கோஃபும் பெற்றார்கள். 1882இல் மூலகங்களை அட்டவணைப்படுத்திய மெண்டலீவும் லோதர் மேயரும். 1903இல் மேரி கியூரியும் கணவர் பியரும். இன்றும் அது கொடுக்கப்படுகிறது. அந்தத் தட்டுகள் அப்படியே இருந்திருந்தால், ஏதாவதொரு நூதனசாலையின் கண்ணாடிக்குப் பின்னால் அழகாக இருந்திருக்கும். நாமும் பார்த்துவிட்டு நகர்ந்திருப்போம்.

பன்னீர்ச் செம்பை விற்ற காசில் மாமா படித்தார். அவரும் வாத்தியார்தான் ஆனார். செம்பு எப்படி இருந்தது என்று போன பெருநாளில் அவரிடம் கேட்டேன். கழுத்து நீளமாக, அடியில் ஒரு நெளிவோடு இருக்கும் என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார்.