மான் வேட்டைக்குச் சிறுவரை உடனழைத்துச் செல்லுதல்

நமது கல்லூரியில் பயின்று, இப்பொழுது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விஸ்கான்சின் மாகாணத்தில் குடும்பத்தோடு வாழ்ந்துவரும் பழைய மாணவர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அண்டை வீட்டுக்காரர் தம் மகளை மான் வேட்டைக்கு அழைத்துச் செல்லவிருப்பதாகவும், அப்பெண்ணோடு ஒரே வகுப்பில் வாசிக்கும் தம் பதினொரு வயதுப் புதல்வனையும் வேடிக்கை பார்க்க உடனனுப்பும்படி கேட்பதாகவும், பையன் போகவேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்பதாகவும், அவன் தாயார் இரண்டு நாளாக முகங்கொடுத்துப் பேசவில்லையென்றும் அதிற் கண்டிருந்தது. 'துப்பாக்கி இருக்குமிடத்துக்குப் பிள்ளையை அனுப்பலாமா? ஓர் உயிர் துடித்துச் சாவதை அவன் கண் முன்னே காட்டலாமா?' என்பவை அவர் கேட்ட வினாக்கள். அவற்றிற்கு விடை தேடப் புகுந்து நாம் அறிந்துகொண்டவை, மேற்படிப்பின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் அந்நாடு செல்லும் நம்மவர் பலர்க்கும் பயன்படுமென்று கருதி, ஈண்டு வரையலாயினோம்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையை அறவே விலக்கிவிட்டது. ஆதலின் வேட்டையென்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் பண்டை அரசரும், ஜமீன்தாரும், துரைமாரும், நள்ளிரவில் திருட்டுத்தனமாய்ச் சுடுகின்றவருமே. விஸ்கான்சினிலோ தச்சனும், பால்பண்ணைக்காரனும், பள்ளிக்கூட உபாத்தியாயரும், ஆஸ்பத்திரித் தாதியும் வேட்டைக்காரர்கள். அங்கே துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் பெரும் பருவம் ஒன்பது நாள். நவம்பர் மாதத்தில் அவர்களுடைய நன்றியறிதல் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை தொடங்கும். அந்த ஒன்பது நாளைக்கு உரிமைச் சீட்டுப் பெறுவோர் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர். பென்சில்வேனியாவில் வேட்டைத் தொடக்கம் நெடுங்காலம் அத்திருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமையாயிருந்தது. அன்று பள்ளிக்கூடங்கள் பலவற்றிற்கு விடுமுறை. 2019-ஆம் ஆண்டில் தொடக்கத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டனர். மாற்றிய பின்னும் திங்கட்கிழமை விடுமுறையை விட மனம் வராத பள்ளிகள் உண்டு. மாணாக்கர் இதனைக் கேட்டுப் பொறாமைப்படாதிருக்க!

அவர்கள் வேட்டையாடுவது வெண்வால் மான். அச்சமுற்று ஓடுங்கால் வாலை உயரத் தூக்கும். அதன் அடிப்புறம் வெள்ளைக் கொடிபோல் தோன்றும். 1900-ஆம் ஆண்டு வாக்கில், இறைச்சிக்கும் தோலுக்குமாகச் சந்தை வியாபாரிகள் வரைமுறையின்றிக் கொன்றமையால், இம்மான் நாடு முழுவதிலும் ஐந்து லட்சத்துக்குக் கீழ்ப்பட்டுவிட்டது. அவ்வாண்டிற் பிறந்த லேசி சட்டம், முறைகேடாய்க் கொன்ற விலங்கை மாகாண எல்லை கடத்தி விற்பதைக் குற்றமாக்கிற்று. 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் தீர்வையைக் காட்டு விலங்குகளின் பாதுகாப்புக்கென மாகாணங்களுக்குப் பகிர்ந்தளிக்கச் செய்தது. இன்று அம்மான்கள் சுமார் மூன்று கோடி இருக்குமென மதிப்பர். அவற்றைத் தின்னும் ஓநாயோ பெரும்பாலான இடங்களில் இல்லை. மரக்கன்றுகள் தலையெடுக்கவொட்டாமல் மான்கள் மேய்ந்துவிடுகின்றன. அவை மோட்டார் வண்டிகளின் குறுக்கே பாய்ந்து நேரும் மோதல்கள் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேலாகும். ஆகவே, மானைக் காப்பதற்கு வேட்டைக்காரன் பணம் வேண்டும். மான் மிகாதிருப்பதற்கு அவன் துப்பாக்கியும் வேண்டும். இவ்விசித்திரமான கணக்கின்மீது அந்நாட்டுக் காட்டிலாகா நடைபெறுகின்றது.

அந்த வேட்டைக்காரர் தொகை 2011-இல் 1 கோடியே 37 லட்சம். 2016-இல் 1 கோடியே 15 லட்சமாய்க் குறைந்தது. மூத்தோர் ஓய்கின்றனர், இளைஞர் நகரங்களிற் குடியேறுகின்றனர். ஆதலின் சிறுவரை வேட்டைக்கு அழைக்கும் குரலில் கஜானாவின் குரலும் கலந்திருக்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது. விஸ்கான்சினில் முன்னெல்லாம் பன்னிரண்டு வயது நிரம்பிப் பயிற்சிச் சான்று பெற்ற பின்னரே ஒரு சிறுவன் துப்பாக்கி ஏந்தலாம். 2009-இல், துணைவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் எப்போதும் உடனிருந்தால், பத்து வயதினரும் வேட்டையாடலாமென விதி தளர்த்தப்பட்டது. 2017-இல் அந்த வயது வரம்பும் நீங்கிற்று. நீங்கியவுடன், ஒரு வயதும் நிரம்பாத குழந்தைகள் பத்துப் பேர் பெயரில் உரிமைச் சீட்டு வாங்கப்பட்டதென அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின! தொட்டிற் குழந்தை துப்பாக்கியைத் தூக்காது. தகப்பன்மார் ஞாபகச் சின்னமாக வாங்கிவைத்திருப்பர் போலும். எனினும், எந்த வயதிற் சிறுவன் தகுதியுடையவனாகிறான் என்பதைச் சட்டம் தீர்மானியாமல் பெற்றோர் தலையிற் கட்டிவிட்டது என்பதற்கு இது போதிய சான்று.

நிற்க, துப்பாக்கி அபாயத்தைப் பற்றிப் பேசுவோம். நண்பரின் மனைவியார் அஞ்சியது வீணான அச்சமன்று. 1966-இல் விஸ்கான்சினில் வேட்டைக்காரர் லட்சத்துக்கு 44 பேர் குண்டடி பட்டனர். மறு ஆண்டு அம்மாகாணம் வேட்டைப் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கிற்று. நியூயார்க் மாகாணம் 1949-லேயே இளம் வேட்டைக்காரர்க்கு இதனைக் கட்டாயமாக்கி வழிகாட்டியிருந்தது. 1980 முதல் விஸ்கான்சினில் மான் வேட்டைக்குச் செல்வோர் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற உடை உடுத்தல் வேண்டுமென்றனர். மான் சிவப்பையும் பச்சையையும் வேறுபிரித்தறியாது; ஆகையால் மனிதன் கண்ணுக்குத் தீயெனத் தோன்றும் அவ்வுடை மானுக்குக் காட்டோடு காடாய் மங்கிப்போம். பின்னர் 1973 ஜனவரி முதல் தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர் யாவரும் பயிற்சி பெற்றாலன்றிச் சீட்டில்லை என்று சட்டம் செய்தனர். இவற்றின் பயனாகக் குண்டடி படுவோர் தொகை பழைய அளவில் பத்திலொரு பங்களவுக்கு இறங்கிவிட்டது. ஓருயிரும் போகாமலே முடிந்த மான் பருவங்களும் அண்மைக்காலத்தில் உண்டு.

அவ்வகுப்பிற் சிறுவர் நெட்டுருப் போடுவன நான்கு விதிகளே. எத்துப்பாக்கியையும் தோட்டா நிறைந்ததாகவே பாவிக்க வேண்டும். அதன் வாய் எந்நேரமும் ஆபத்தற்ற திசையை நோக்க வேண்டும். குறியையும் குறிக்கு அப்பாலுள்ளதையும் திட்டமாய் அறிய வேண்டும். சுடும் நொடி வரும்வரை விரல் விசையருகே செல்லலாகாது. இவற்றுள் மூன்றாவதே சிறுவர்க்கு மிகக் கடினம். மான் நிற்கிறது, மனம் படபடக்கிறது, அந்நேரத்தில், 'அதற்குப் பின்னே என்ன இருக்கிறது? மேட்டின் முகட்டில் நிற்கிறதே, அப்பால் வீடிருக்குமோ, ஆளிருக்குமோ?' என்று நினைக்கப் பழகவேண்டும். குண்டு மானோடு நிற்பதன்று. தவறினாலும், ஊடுருவினாலும், வெகுதூரம் போகும். முகட்டின்மேல் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மான் எத்துணை அழகிய கொம்புடையதாயினும் அதனை விட்டுவிடத்தான் வேண்டும்.

ஆகவே, நல்ல தகப்பன் முதலிற் கற்பிப்பது சுடுதலை அன்று, சுடாதிருத்தலையே என்பது நாம் கண்ட முடிவு. இதற்கு ஆல்டோ லியோபோல்டு என்பாரது இளமையே சான்று பகரும். இவர் 1887-இல் அயோவா மாகாணத்துப் பர்லிங்டனிற் பிறந்தவர். 1933 முதல் விஸ்கான்சின் சர்வகலாசாலையில் வேட்டை விலங்குப் பராமரிப்புக்குப் பேராசிரியராயிருந்து, 1948-இல் இறந்தவர். இவர் தந்தையார், சட்டம் தடுக்குமுன்னரே, பறவைகள் முட்டையிடச் செல்லும் வசந்தத்தில் அவற்றைச் சுடுவதைத் தாமே நிறுத்திக்கொண்டவர். அவர் மகனுக்கு ஒற்றைக் குழல் துப்பாக்கியைக் கொடுத்தபோது, மரத்தில் அமர்ந்திருக்கும் காட்டுக்கோழியைச் சுடலாகாது, பறப்பதையே சுடவேண்டும் என்று கட்டளையிட்டார். பறப்பதைச் சுட அப்பையனுக்குக் கைவரவில்லை, மரத்திலிருப்பதோ எளிது. உடன் யாருமில்லாதபோதும், கண்ணெதிரே அமர்ந்திருந்த கோழியை அவன் சுடாமல் விட்டு வந்தான். அவர் இறந்த மறு ஆண்டு, 1949-இல், வெளிவந்த நூலில் இதனைத் தாமே எழுதியிருக்கின்றார். ஒருவரும் பாராதபோது கைகட்டி நிற்கும் இப்பழக்கம் எந்தச் சட்டத்தாலும் வருவதன்று. இளமையில் ஓநாய்களைக் கொன்ற அவர், அவை அழிந்தபின் மான்கள் மலைகளை மொட்டையாக்கியதைக் கண்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, வேட்டைநாளில் சிறுவன் என்ன செய்கின்றான் எனப் பார்ப்போம். நம் பையன்கள் எண்ணுவதுபோல ஓட்டமும் கூச்சலும் அங்கில்லை. விடியுமுன் இருட்டில் எழுந்து, அடுக்கடுக்காய்க் கம்பளி உடுத்து, காற்று எப்பக்கம் வீசுகிறதென்று பார்த்து, மான் வரும் தடத்துக்குக் காற்று கீழாகச் சென்று அமர்தல் வேண்டும். மானுக்குக் கண்ணினும் மூக்கே கூர்மை. மரத்திற் கட்டிய பரண்மீதேனும் தரையிலமைத்த மறைப்புக் கூடாரத்துளேனும் அசையாதிருக்க வேண்டும். (தினைப்புனங் காக்கப் பரண் கட்டிய நம் முன்னோர்க்கு இச்சொல்லை விளக்கவேண்டியதில்லை.) நவம்பர்க் குளிரோ தண்ணீரை உறையச் செய்வது. ஒரு மணி நேரத்திற் சிறுவனுக்குக் கால் மரக்கும். இரண்டாவது மணியில் பசிக்கும். மூன்றாவதில் வீட்டுக்குப் போகலாமென்பான். அப்போது எழுந்துவிடுகின்ற தகப்பனே புத்திமான் என்பர் அனுபவசாலிகள். அந்நாள் முழுவதும் அவனை அங்கே கட்டிப்போட்டால் மறு ஆண்டு அவன் வாரான். சுடச்சுட ஒரு குப்பி கோக்கோவும், கையில் ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடியும் கொடுத்தால், மரங்கொத்தியையும் அணிலையும் பார்த்துக்கொண்டே அவன் பொழுது போக்குவான்.

தரைக் கூடாரமே சிறுவர்க்குத் தக்கது. பரணிலிருந்து விழுந்து எலும்பொடிபவர் குண்டடி படுபவரினும் மிகுதியென்று பல மாகாணங்களிற் கண்டிருக்கின்றனர். பரணில் ஏறுவோர் உடலைப் பிணிக்கும் வார் அணியாமல் ஏறலாகாது. காதடைப்பும் மறக்கத்தக்கதன்று. துப்பாக்கி ஒருமுறை வெடிக்கும் ஓசையே இளஞ்செவிக்கு என்றுந் தீராத கேடு விளைக்கக் கூடும். இதனைப் பெரியோர் தமக்கே செய்துகொள்வதில்லை. ஆதலாற் பிள்ளைக்கும் செய்வதில்லை.

மான் வந்து, குண்டும் பட்டதென வைத்துக்கொள்வோம். முன்னங்காற் சந்துக்குப் பின்னே, இருதயமும் நுரையீரலும் உள்ள இடத்திற் பட்டால் அது விரைவில் விழும். வேறிடத்திற் பட்டால் ஓடிவிடும். அரைமணியேனும் பொறுத்திருந்து, இரத்தத் துளிகளைத் தொடர்ந்து தேடிச் சென்று முடித்தல் வேண்டும். பாதியில் விட்டுவருதல் அவர்களுக்குள் பெரும் இழுக்கு. பின்னர் அவ்விடத்திலேயே வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிடுவர். சிறுவன் இவையனைத்தையும் பார்க்கின்றான். சிலர் அழுவர், சிலர் வாளாவிருப்பர், சிலர் அன்றோடு வேண்டாமென்று விடுவர். அழுதவனைப் பரிகசிக்கிறவனோடு எப்பிள்ளையையும் அனுப்பலாகாதென்பது நம் கருத்து. உயிர்க்கொலையே தகாதென்று விலகி நிற்போர் அந்நாட்டிலும் உண்டு. அவர்களோடு நாம் வழக்காட வரவில்லை. ஆனால் கடையில் பொட்டலங் கட்டிய இறைச்சியை நாள்தோறும் வாங்கும் வீட்டில், ஓருயிரின் சாவைப் பிள்ளை காணலாகாதென்பது மட்டும் எவ்வாறு பொருந்தும் என்று நம் நண்பரைக் கேட்டோம். அவர் வீட்டில் மரக்கறி மாத்திரம் உண்பார் எவருமில்லை.

இறைச்சியைப் பற்றியும் எழுதினோம். 2002-இல் விஸ்கான்சின் மான்களிடையே உடலை உருக்கிக் கொல்லும் நோயொன்று கண்டுபிடிக்கப்பட்டது. மூளையைத் தாக்கும் அந்நோய் மனிதரைத் தொற்றியதாக இதுவரை நிலைநாட்டப்படவில்லை. எனினும் நோய்ப் பகுதியிற் சுட்ட மானைச் சோதித்த பிறகே உண்ணும்படியும், நோய் கண்டதை உண்ணாதிருக்கும்படியும் சுகாதார அதிகாரிகள் சொல்கின்றனர். ஈயக் குண்டு உடலினுள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாய்ச் சிதறும். அவ்விறைச்சியை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் கருவுற்ற மாதரும் உண்ண வேண்டாமென்று வட டகோட்டா மாகாணத்தார் 2008-இல் அறிவுறுத்தினர். செப்புக் குண்டு இட்டால் இக்கவலையில்லை.

முடிவில் நாம் எழுதிய விடை இது: அண்டை வீட்டாரோடு முந்தின மாலை உட்கார்ந்து, துப்பாக்கி பூட்டிவைக்கப்படுகிறதா, தோட்டா வேறிடத்தில் இருக்கிறதா, சாராயம் உண்டா, பரணா கூடாரமா என்று கூச்சமின்றிக் கேளுங்கள், கேட்பதற்கு அவர் முகஞ் சுளித்தால் அனுப்பாதீர்கள். அனுப்பினால் பையன் வெறும் பார்வையாளனாகவே போகட்டும், ஆரஞ்சு உடையோடும் காதடைப்போடும். திரும்பிவருவோமென்று அவன் சொன்னவுடன் திரும்பவேண்டும்.

டிசம்பரில் மறு கடிதம் வந்தது. கூச்சமின்றிக் கேட்டாராம்; அண்டை வீட்டாரோ மகிழ்ந்து இரும்புப் பெட்டியையே திறந்து காட்டினாராம். முதல் நாட் காலையில் கவைக்கொம்புடைய கலையொன்று வந்து முகட்டில் நின்றதாகவும், அப்பெண் துப்பாக்கியைத் தோளிற் பொருத்திச் சற்றுப் பார்த்துப் பின் தானே தாழ்த்திவிட்டதாகவும், அப்பால் ஒரு பண்ணைவீட்டின் புகை தெரிந்ததாகவும், தகப்பனார் அவள் முதுகில் ஒருமுறை தட்டியதன்றி ஒன்றும் பேசவில்லையென்றும் பையன் சொன்னானாம். மானொன்று கிடைத்தது ஐந்தாம் நாளில். அன்று நம் பையன் உடன் இல்லை. சோதனை முடிவு வந்தபின் தொடையிறைச்சி ஒரு துண்டு அவர்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. தாயார் மிளகிட்டு வறுத்தார்களாம். கொழுப்பில்லாமையாற் சற்று வறண்டிருந்ததென்று நண்பர் எழுதுகிறார்.