வீட்டுக்குள் இறங்கும் வெயிலை எங்கே தடுப்பது?

மாணவர்களே, மதியம் மூன்று மணிக்கு உங்கள் வீட்டில் மிகவும் சூடான இடம் எது? சமையலறை என்று சொல்லத் தோன்றும். ஆனால், தகரக் கூரையோ ஓட்டுக் கூரையோ உள்ள வீட்டில் அந்த இடம் உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. கூரைக்கும் சீலிங் பலகைக்கும் நடுவே அடைபட்டுக் கிடக்கும் இருட்டறைதான் அது. இரவு பத்து மணிக்கும் படுக்கையறையில் புழுங்குவதற்கு முக்கியக் காரணம் அங்கேதான் தொடங்குகிறது.

இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. 1998 ஏப்ரல் 9-ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் 40.1 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஓர் இடத்தில் தொடர்ந்து மூன்று நாள் உச்ச வெப்பம் 35 டிகிரியை எட்டினாலே நம் வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கை விடுக்கிறது. அத்தகைய நாள்களில் வீட்டிலேயே இருக்கும் பாட்டி, தாத்தா, கைக்குழந்தை ஆகியோருக்குத்தான் ஆபத்து அதிகம்.

சூளை சொல்லும் பாடம்

ஜொகூரின் ஆயர் ஈத்தாம், பத்து பகாட், குளுவாங், யொங் பெங் சாலைகள் சந்திக்கும் ஊர். மண்பாண்டங்களுக்குப் பெயர் பெற்றது. அங்கே ‘டிராகன் சூளை’ என்னும் பழைய வகைச் சூளை உண்டு. சரிவான நிலத்தில் நீண்டு படுத்திருக்கும் செங்கல் குகை என்று அதைச் சொல்லலாம். கெட்டியான பாண்டங்களைச் சுட உள்ளே ஏறத்தாழ 1,200 டிகிரி வெப்பம் தேவை. ஆனாலும் வேலை செய்பவர் சுவருக்கு வெளியே நிற்க முடிகிறது. தடித்த செங்கல் சுவர் வெப்பத்தை மெதுவாகவே வெளியே விடுவதுதான் காரணம்.

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்க, கூரைக்கடியில் 27 சென்டிமீட்டர் கனத்துக்குக் கனிமப் பஞ்சு விரிக்கச் சொல்கிறார்கள். சன்னல் இடுக்குகளையும் அடைக்கச் சொல்கிறார்கள். சூளையைப் போலவே அங்கும் வெப்பம் உள்ளே தங்க வேண்டும். ஆயர் ஈத்தாம் வீட்டில் வெப்பம் உள்ளே வரக் கூடாது. திசைதான் மாறுகிறது, அறிவியல் ஒன்றுதான். வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும்.

மூன்று வழிகளில் எது முக்கியம்?

கடத்தல், சலனம், கதிர்வீச்சு என மூன்று வழிகளில் வெப்பம் பயணிக்கும் என்று படித்திருக்கிறீர்கள். கூரைக்கடியில் இந்த மூன்றும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. சூடான காற்று மேலே எழும் தன்மையுடையது. ஆகவே, சலனத்தால் வெப்பம் கூரையிலிருந்து கீழே இறங்குவது குறைவு. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மிஞ்சுவது கதிர்வீச்சு. அதற்கு மேல் கீழ் என்ற பேதம் இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். தகரக் கூரை 60 டிகிரி, சீலிங் 35 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. எனவே 333 கெல்வினுக்கும் 308 கெல்வினுக்கும் கணக்கிட வேண்டும். துருவும் தூசும் படிந்த சாதாரணப் பரப்புகளுக்கு விடை, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 வாட். மூன்றுக்கு நான்கு மீட்டர் அறையின் சீலிங்கில் இது 1,800 வாட். தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெண்டியைத் தலைக்கு மேல் ஓடவிட்டது போல!

இப்போது கூரைக்கடியில் பளபளப்பான அலுமினியத் தாளைக் கட்டுகிறோம். அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். தான் சூடேறினாலும் மிகக் குறைவாகவே உமிழும். அதே வெப்பநிலைகளுக்குக் கணக்குப் போட்டால் 150 வாட் ஏறத்தாழ 10 வாட்டாகக் குறைகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். தாள் தகரத்திலும் சீலிங்கிலும் ஒட்டிக் கிடந்தால் வெப்பம் கடத்தல் வழியாகத் தாண்டிவிடும். பளபளப்பு கீழ்நோக்கி இருப்பதும் நல்லது. மேல்நோக்கிய பரப்பில் தூசு படிந்தால் அதன் பலன் குறைந்துபோகும்.

பஞ்சு எவ்வளவு தேவை?

கண்ணாடி இழைப் பஞ்சும் பாறைப் பஞ்சும் வேறு வகையில் உதவுகின்றன. அவற்றின் இழைகளுக்கிடையே காற்று சிறு சிறு அறைகளில் சிக்கிக்கொள்கிறது. உண்மையில் வெப்பத்தைத் தடுப்பது அந்தக் காற்றுதான். மழையில் நனைந்தால் காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்து பலன் கெட்டுவிடும். எனவே ஒழுகும் கூரையை முதலில் சரிசெய்ய வேண்டும்.

ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் நுழைகிறது என்பதை ‘யூ’ மதிப்பு காட்டும். மலேசியாவின் சீரான கட்டடத் துணைவிதிகளில் 38ஏ விதி இலேசான கூரைக்கு 0.4 என்ற உச்சவரம்பைத் தருகிறது. கண்ணாடிப் பஞ்சின் கடத்துதிறன் ஏறத்தாழ 0.04. அதை 0.4-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.1 மீட்டர் கிடைக்கும். பத்து சென்டிமீட்டர் பஞ்சு மட்டுமே போதும் என்று பொருள். அலுமினியத் தாளும் சேர்ந்தால் பஞ்சின் கனத்தை இன்னும் குறைக்கலாம்.

இடுக்குகள் நண்பனா, எதிரியா?

அது வேளையைப் பொறுத்தது. பகலில் வெயிலைக் குடித்த செங்கல் சுவர், இரவில் அதை அறைக்குள் மெதுவாக விடுகிறது. அப்போது வெளிக்காற்று வீட்டைவிடக் குளிர்ந்திருக்கும். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றை ஓடவிட்டால் சுவர் ஆறும். கதவுக்கு மேலுள்ள காற்றுத் துளைக் கற்கள் இதற்காக வைக்கப்பட்டவைதான்.

குளிர்சாதனம் ஓடும் அறையில் கதை மாறுகிறது. 30 டிகிரியில், 75 விழுக்காடு ஈரப்பதமுள்ள ஒரு கனமீட்டர் வெளிக்காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். 25 டிகிரியில் இதமாக இருக்கும் அறைக்காற்றில் 13 கிராம் போதும். இடுக்கு வழியே நுழையும் ஒவ்வொரு கனமீட்டர் காற்றிலிருந்தும் இயந்திரம் 10 கிராம் நீரைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 24,000 ஜூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். அதே காற்றை 30-லிருந்து 25 டிகிரிக்கு இறக்க அகற்ற வேண்டியது 6,000 ஜூல் அளவுதான். அதாவது இடுக்கு வழியே வரும் சூட்டைவிட ஈரமே நான்கு மடங்கு சுமை. எனவே, படுக்கையறைக் கதவின் அடி இடைவெளியையும் லூவர் சன்னலின் இடுக்கையும் அடைப்பது மின்கட்டணத்தில் தெரியும்.

கை வைக்கும் முன்

பழைய வீடுகளின் சீலிங் பலகையிலும் கூரைத் தகட்டிலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருக்கலாம். உடைக்காதவரை பெரிய தொல்லை இல்லை. துளையிட்டாலோ அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறந்து நுரையீரலுக்குள் போகும். பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகலாம். சந்தேகம் இருந்தால் தொடாமல், தெரிந்தவரிடம் காட்டச் சொல்லுங்கள். சூடாகும் சீலிங் விளக்குகளைப் பஞ்சால் மூடவும் கூடாது. தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், பழைய கம்பிகள் உள்ள இடத்தில் மின்பணியாளர் பார்த்த பிறகே தாளைக் கட்ட வேண்டும். கூரைக்கடியில் ஏறுவது உங்கள் வேலையல்ல, கணக்குப் போட்டுக் காட்டுவதுதான் உங்கள் வேலை.

நீங்களே சோதியுங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு காலணிப் பெட்டிகளை எடுங்கள். இரண்டின் மூடிக்கும் மேற்புறம் கறுப்பு வண்ணம் பூசுங்கள். ஒன்றில் மட்டும், மூடிக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி விட்டு, அலுமினியத் தாளைக் கட்டுங்கள். இரண்டு பெட்டிகளின் அடியிலும் ஒரு வெப்பமானியை வைத்து, முற்பகல் வெயிலில் அரை மணி நேரம் விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வரைபடம் வரையுங்கள். அடுத்த நாள் தாளை மூடியோடு ஒட்டி, பளபளப்புக்கு மேல் ஒரு காகிதத்தையும் ஒட்டிப் பாருங்கள். என்ன மாறுகிறது, ஏன் என்று எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் இன்னும் பெரிய குளிர்சாதனம் வாங்கும் பேச்சு எழுந்தால், அந்த வரைபடத்தை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: “நம் கூரைக்கடியில் என்ன இருக்கிறது?”