வழியில் ஒரு வீடு இருக்கிறது

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவுகளில் தாம்பரத்தில் தொடங்கி செங்கல்பட்டு தாண்டும் வரை சாலை அடைத்துக்கொண்டு நிற்கும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களின் பாட்டை ஆண்டுதோறும் எழுதுகிறோம், படிக்கிறோம். அதே நெரிசலில் சொந்தக் காரில் தெற்கே கிளம்பும் கணவன் மனைவியைப் பற்றி அதிகம் பேச்சில்லை. அவர்களுக்கு என்ன குறை என்று நினைத்துவிடுகிறோம்.

கார்க்காரர்கள் எல்லோரும் போடுவது ஒரே கணக்குதான். ஆபீஸ் விட்டு வந்து ஒன்பது மணிக்கு வண்டியை எடுத்தால் விடிகிற நேரம் திருநெல்வேலி, காலைப் பலகாரத்துக்கு நாகர்கோவில். ஏறக்குறைய 700 கிலோமீட்டர். டீக்கு ஓரிடம், டீசலுக்கு ஓரிடம். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு டோல்கேட்டில்கூட யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. திருச்சி, மதுரை, விருதுநகர், கோவில்பட்டி என்று ஊர்கள் பச்சைப் பலகைகளாக வந்து போகும். அந்தப் பலகைகளுக்குப் பின்னால் நமக்குத் தெரிந்த மனிதர்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். கூடப் படித்தவன், முதல் வேலையில் பக்கத்து மேஜையில் இருந்தவர், கல்யாணத்துக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் பந்தி பரிமாறியவள். அவர்கள் ஊரைத் தாண்டும்போது நம் வண்டியின் வேகம் மணிக்கு நூறு.

நானும் மனைவியும் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். பிழைப்பு சென்னையில். ஊருக்குப் போகும்போது நாங்கள் பகலில்தான் ஓட்டுவோம், இரவில் யாராவது நண்பர் வீட்டில் தங்குவோம். இதைக் கேட்டதும் பலர் ஏதோ காசி யாத்திரை போகிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். இதில் பெரிய சாகசம் எதுவும் கிடையாது. விக்கிரவாண்டியில் எல்லா வண்டியும் நேரே விழுப்புரம் போகும். நாங்கள் இடப்பக்கம் பண்ருட்டிச் சாலையில் திரும்புவோம். கும்பகோணம், தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாக மதுரை போய் அங்கிருந்து பெருஞ்சாலையைப் பிடித்தால் ஐம்பது அறுபது கிலோமீட்டர் கூடும், அவ்வளவுதான்.

சேத்தியாத்தோப்பு தாண்டினால் வீராணம் பக்கம். சென்னைக்காரர்கள் 2004 முதல் குடிப்பதில் ஒரு பங்கு இந்த ஏரித் தண்ணீர். அந்த ஏரிக்கு நீர் அனுப்பும் அணைக்கரை இன்னும் கொஞ்ச தூரத்தில், கொள்ளிடத்தின் குறுக்கே இருக்கிறது. 1830களில் ஆர்தர் காட்டன் கட்டியது. இரண்டுக்கும் நடுவில் கங்கைகொண்ட சோழபுரம். அங்கே வடக்கு வாசல் படிக்கட்டுக்குப் பக்கத்தில், சிவன் சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றிக் கட்டும் சிற்பம். என் மனைவி அதைப் பார்க்காமல் வண்டியில் ஏற மாட்டாள். தலை குனிந்து கைகூப்பி உட்கார்ந்திருக்கும் சண்டேசரின் முகத்தில் உள்ள அடக்கத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கும்பகோணத்தில் ஒரு நண்பர் வீட்டில் காபி. தஞ்சாவூரில் நிற்பதில்லை, பெரிய கோயிலை அவசரமாகப் பார்ப்பதற்குப் பார்க்காமலே போகலாம்.

இரவுத் தங்கல் புதுக்கோட்டையில். என்னோடு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவன் அங்கே பள்ளி ஆசிரியன். பழைய ஓட்டு வீடு. முன்னால் திண்ணை உண்டு, இப்போது கிரில் போட்டு அடைத்து டூவீலர் நிறுத்துகிறார்கள். அந்தத் தெருவில் ஏறக்குறைய எல்லாத் திண்ணையும் அப்படித்தான். ஒருமுறை நாங்கள் போய் இறங்கியதும் அவன் மனைவி சொன்ன முதல் வார்த்தை, "அண்ணே, மொதல்ல கை கால் கழுவிட்டு ஒக்காருங்க, பேச்செல்லாம் அப்பறம்." என் மனைவியை நேரே அடுப்படிக்குக் கூட்டிப்போய்விட்டாள். அரை மணியில் இருவரும் எங்கள் இரண்டு பேரையும் பற்றிய குறைகளை ஒப்பிட்டுப் பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் பாய் விரித்தோம். காலடியில் கொசுவர்த்திச் சுருள். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவன்தான். "எல்லாரும் சௌக்கியம்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான். மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தபடி அன்றைக்குத்தான் சொன்னான், மகள் படிப்புக்காக அப்பா வைத்துவிட்டுப் போன நிலத்தில் பாதியை விற்ற கதையை. விற்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பத்திரப்பதிவு அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வராமல் அந்த வயல் வரப்பில் போய் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தானாம். போனில் இதை எப்படிச் சொல்வது? எந்த வாரத்தில், எந்தப் பேச்சுக்கு நடுவில்? இப்படிப்பட்ட சேதி வெளியே வருவதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுத்திருக்க வேண்டும், மறுநாள் காலை வரை அவன் எழுந்து போகப் போவதில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை அவனையும் கூட்டிக்கொண்டு சித்தன்னவாசல் போனோம். தாமரைக் குளத்து ஓவியத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. நான் சொல்ல வருவது குன்றின் மேலே இருக்கும் ஏழடிப்பட்டம். கல்லில் வெட்டிய படிக்குழிகளில் கால் வைத்து, குன்றின் விளிம்பைப் பிடித்தபடி அந்தப் பக்கம் இறங்கினால் ஒரு குகை. உள்ளே சமணத் துறவிகளின் கல் படுக்கைகள். ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழி எழுத்து, இரண்டாயிரம் ஆண்டுப் பழையது. ஒவ்வொரு படுக்கையிலும் தலைமாட்டில் கல்லை மேடாக விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். தலையணை! உண்ணாநோன்பிருந்து உயிர் விடத் துணிந்தவருக்கும் படுத்தால் தலைக்கு ஒரு அணை வேண்டும் என்று அதைச் செதுக்கக் காசு கொடுத்தவர் நினைத்திருக்கிறார். கையை வைத்துப் பார்த்தால் அந்தக் கல் கண்ணாடி வழவழப்பு.

வழிப்போக்கரைப் பற்றிய அந்த அக்கறை நம் சாலைகளில் வெகுகாலம் இருந்தது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிளைச்சாலைகளில் இன்னும் சுமைதாங்கிக் கற்களைப் பார்க்கலாம். இரண்டு கல்லை நட்டு மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொள்ளும் உயரம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்த பெண்ணின் நினைவாக அவளுடைய வீட்டார் நட்டு வைப்பது வழக்கம். அவளால் இறக்கி வைக்க முடியாத சுமையை வேறு யாராவது இறக்கி வைக்கட்டும் என்று.

தஞ்சை மராத்திய அரசர்கள் ராமேசுவரம் போகும் பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி தன் துணைவி முத்தம்மாள் பெயரில் கட்டியது இன்றும் நிற்கிறது. அந்தச் சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில் சாதி பாராமல் போடும் சாப்பாட்டைப் பற்றியும், வழியில் நோயில் விழுந்தவருக்குச் செய்யும் வைத்தியத்தைப் பற்றியும், கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் பார்ப்பதைப் பற்றியும் சொல்கிறார். மதுரையில் ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம். தெற்கத்திக் கிராமங்களில் பழைய பாதை எதைக் கேட்டாலும் பெரியவர்கள் மங்கம்மா சாலை என்கிறார்கள். நிழலுக்கு மரமும் தண்ணீருக்குக் கிணறும் வைத்த அரசியைத்தான் முந்நூறு ஆண்டு கழித்தும் ஊர் மறக்கவில்லை.

சத்திரம் இல்லாத ஊரில் திண்ணை இருந்தது. திண்ணையும் போன பிறகு, நண்பர் வீடு, உறவுக்காரர் வீடு என்ற ஒன்று மிச்சம் இருந்தது. இப்போது அதுவும் கைவிட்டுப் போகிறது. இதுதான் எனக்குப் பெரிய கவலை. பைபாஸ் வந்ததை நான் குறை சொல்லவில்லை, ஆம்புலன்ஸ் வேகமாகப் போகிறது. ஆனால் ஊருக்குள் நுழையும் பழக்கமே போய், தெரிந்தவர் ஊரிலேயே ரூம் போட்டுத் தங்கிவிட்டு, "உனக்கு எதுக்குடா சிரமம்" என்று மறுநாள் போனில் சொல்கிறார்கள். அதைக் கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும்? என் புதுக்கோட்டை நண்பனுக்கு அப்படி நடந்திருக்கிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளி லாட்ஜில் தங்கிப் போனவர் அவனுடைய சொந்தச் சித்தப்பா மகன். அவன் கோபப்படவில்லை. "நம்ம வீட்டுல ஏசி இல்லேல்ல, அதான்" என்று அவனே ஒரு காரணத்தை அவருக்காகத் தேடிக்கொண்டான்.

பிள்ளைகளை நினைத்தால் கவலை இன்னும் கூடுகிறது. அப்பா அம்மாவின் சிநேகிதர்கள் இன்றைய பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் படங்கள்தான். ஒரு வீட்டில் தங்கி, அந்த வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே பாயில் உருண்டு சண்டை போட்டால்தான் "பெரியப்பா" என்ற வார்த்தை வாயில் வரும். காரின் பின் ஸீட்டில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டே தமிழ்நாட்டின் முழு நீளத்தையும் கடக்கும் பிள்ளைக்கு யார் பெரியப்பா?

லீவே நாலு நாள், அதில் இரண்டு நாளை வழியில் விட்டால் பெற்றவர்களோடு எப்போது இருப்பது என்று கேட்கிறார்கள். நியாயம்தான். விருந்தாளி வந்தால் அடுப்படியில் வேகிறவள் அந்த வீட்டுப் பெண் என்றும் சொல்கிறார்கள். அதுவும் உண்மை, அதற்கு வழி இருக்கிறது: முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், இரவுக்குப் பரோட்டாவோ இட்லியோ கடையிலிருந்து வாங்கிக்கொண்டு போங்கள், ஆண்கள் பாத்திரம் கழுவுங்கள். போகாமலே இருப்பதற்கு இவை காரணமாக வேண்டாம்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. நடுராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தூக்கத்தை வலிய இழுக்கும் நேரம். பகல் முழுக்க வேலை பார்த்தவர் அந்த நேரத்தில் ஸ்டியரிங் பிடிக்கிறார். கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடி அணைந்துவிடும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி 27 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. பக்கத்து ஸீட்டில் இருக்கும் மனைவி பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும் என்பது எழுதாத சட்டம், ஆனால் அவளும் பகலெல்லாம் ஆபீஸில் இருந்தவள்தானே. சாலையோரம் நிறுத்தியிருக்கும் லாரிக்குப் பின்னால் போய் மோதிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் கடைசியாகக் கடந்த ஊர் எது, அங்கே அவர்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்திருப்பார்களா என்றுதான் மனசு ஓடுகிறது.

மதுரைக்குத் தெற்கே சாலை கத்தி மாதிரி நேர். சாத்தூரில் வெள்ளரிப்பிஞ்சும் காராச்சேவும். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு கழுகுமலைக்கு ஒதுங்குவோம், இருபது கிலோமீட்டர். மலையை மேலிருந்து கீழே குடைந்து எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் எடுத்த வெட்டுவான் கோயில் அங்கே அடிப்பகுதி முடியாமல் நிற்கிறது. விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். பக்கத்துப் பாறை முழுக்கத் தீர்த்தங்கரர் உருவங்கள், பலவற்றின் கீழே செய்வித்தவர் பெயரும் ஊரும் வட்டெழுத்தில். அவற்றில் திருக்கோட்டாறு என்ற பெயர் வருகிறது. நாகர்கோவிலை ஒட்டிய எங்கள் கோட்டாறுதான் அது என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி இத்தனை தூரம் நடந்து வந்தவர்கள் இரவில் எங்கெங்கே தங்கினார்கள், யார் சோறு போட்டார்கள் என்று அந்தப் பாறைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்வேன்.

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும் வழியில் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒன்றாக வளர்ந்த ஊர். பிழைப்புக்காக ஒருவர் ஊரைவிட்டுப் போன பிறகும் கடிதத்தால் விடாமல் தொடர்ந்த சிநேகம் அது. நாற்கர சாலை அந்த ஊரை ஒட்டித்தான் போகிறது, கண்ணை மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடலாம். அதற்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் மனைவியின் தோழி இருக்கிறாள். இரண்டாவது இரவு அங்கே. கம்பங்கஞ்சி கேட்டால் தருவாள், கேட்காவிட்டால் கோழி அடித்துவிடுவாள். அவளுடைய மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. எங்கள் கார்ச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்து, "வழிய விட்டு எறங்கி வந்தீகளே தாயி, நல்லாருப்பீக" என்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வார். கயிற்றுக் கட்டிலை வேப்ப மரத்தடியில் போட்டு, தண்ணீர்ச் செம்பைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் அவர் படுக்கப் போவார்.

ஊரில் அம்மாவுக்கு இந்தத் தாமதம் ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. மணிக்கொரு தரம் போன் வரும்: "எங்க எத்தியாச்சு மக்களே?" இப்போது கேள்வி மாறிவிட்டது. கோவில்பட்டிப் பாட்டிக்குக் கண் ஆபரேஷன் ஆச்சா, புதுக்கோட்டைக்காரன் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததா என்று கேட்கிறாள். அவர்களுக்கென்று தனியாக நேந்திரங்காய் வற்றலும் முறுக்கும் கட்டி வைக்கிறாள், திரும்பும்போது கொடுக்கச் சொல்லி.

இந்தப் பொங்கலுக்குப் போகும்போது மணப்பாறையில் ஒரு வீடு. என்னோடு முதல் வேலையில் சேர்ந்தவர், மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். தேதி சொல்லியாகிவிட்டது. இரவுக்கு இட்லி நாங்களே வாங்கி வருகிறோம், சட்னி மட்டும் அரைத்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறோம்.